மேனி நிறமும் கலத்தின் ஆட்சியும்

மனிதனை மனிதன் கண்டவுடன் முதற்கண் அறிவது அவனது மேனி நிறமாகும். பெயரும் மொழியும் குலமும் கேட்டறிய வேண்டியவை. நிறமோ கேளாமலே கண்ணிற் படுகின்றது. இக்காரணத்தால், உலக வரலாற்றிலே நிறமானது ஆராய்ச்சிக்குரிய பொருளாவதற்கு முன்னரே அதிகாரத்துக்குரிய பொருளாயிற்று. ஒருவனை அடிமையாக விற்பதற்கும், ஒருத்தியின் திருமணம் தடைப்படுவதற்கும், நோயுற்றவர் ஊராரால் ஒதுக்கப்படுவதற்கும் நிறம் காரணமாகக் காட்டப்பட்டு வந்துள்ளது. அந்நிறம் உடலில் எங்கே உள்ளது, எப்பொருளால் ஆயது, அதனைக் கூட்டுவதும் குறைப்பதும் யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண அறிஞருலகுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. இவ்வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த வரலாற்றையும், இறுதி வினாவுக்குக் கிடைத்த விடை முன்னோர் கட்டிய பிழையான கொள்கைகளை எவ்வாறு வீழ்த்தியது என்பதனையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறத்தின் இருப்பிடம்

பண்டைக் கிரேக்கர் சூரியனது வெம்மையே கருமைக்குக் காரணம் என்றனர். எதியோப்பியர் என்னும் பெயரே அவர்தம் மொழியில் ‘எரிந்த முகத்தினர்’ எனப் பொருள்படும். இக்கருத்து ஐரோப்பாவிலே நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. 1646ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவராகிய தோமசு பிரௌண் என்பார், வெயிலே காரணமாயின் குளிர்நாடுகளிற் குடியேற்றப்பட்ட கரிய மக்களின் சந்ததியார் வெண்ணிறம் அடைதல் வேண்டுமன்றோ என வினாவி, அக்கருத்தின் அடித்தளத்தை அசைத்தார். ஆயினும், அதன் இடத்தில் நிறுத்தத்தக்க உறுதியான வேறு விடை அவரிடம் இருக்கவில்லை.

விடை தேடும் வழியை மாற்றியது நுணுக்குக்காட்டி. இத்தாலிய அறிஞர் மல்பீகி 1665ஆம் ஆண்டில், தோலினைப் படைபடையாகப் பிரித்து ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். கரிய மனிதனின் தோலிலும் புறத்தே உள்ள மெல்லிய உறை ஏறத்தாழ நிறமற்றது. அடியிலுள்ள உட்டோலோ எல்லா மனிதரிடத்தும் போல வெண்மையானது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய படையிலேயே கருமை தங்கியுள்ளது என்பதே அவர் கண்டதாகும். அப்படை அவர் பெயரால் மல்பீகிப் படை என இன்றும் வழங்குகின்றது. மனிதரை மனிதரினின்றும் வேறுபடுத்துவதாகக் கருதப்பட்ட நிறம், கடதாசித் தாளினும் மெல்லிய ஒரு படையில் அடங்கிற்று.

ஆனால், இக்கண்டுபிடிப்பினின்றும் பெறத்தக்க படிப்பினையை அக்காலம் பெறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அத்திலாந்திக்கு அடிமை வாணிகம் உச்சநிலை எய்தியது. அவ்வாணிகத்தாலும் தீவுக் குடியேற்றங்களின் சர்க்கரையாலும் செல்வம் பெருக்கிய பிரான்சு நாட்டுத் துறைமுக நகரங்களுள் போர்டோவும் ஒன்று. அந்நகரத்து அறிவியற் கழகம் 1739ஆம் ஆண்டில், கரிய மக்களின் நிறத்துக்கும் மயிரின் தன்மைக்கும் காரணம் யாது என்னும் பொருளிற் பரிசுப் போட்டி ஒன்றை அறிவித்தது. பதினாறு கட்டுரைகள் வந்து சேர்ந்தன. வெயிலும், காற்றும், குருதியும், இறைவன் சாபமும் அவற்றிலே காரணங்களாக நிரைப்படுத்தப்பட்டன. 1741இல் நடுவர் ஒருவருக்கும் பரிசு வழங்காது போட்டியை முடித்தனர்.

அதே ஆண்டில் பாரேர் என்னும் மருத்துவர் தமது நூலை அச்சிட்டு வெளியிட்டார். தென்னமரிக்காவின் கயேன் குடியேற்றத்தில் வாழ்ந்து, ஆங்கு இறந்த அடிமைகளின் உடல்களை அறுத்துப் பார்த்த அவர், அவர்தம் பித்தநீர் கரியதென்றும் அதுவே தோலிற் பரந்து கருமை தருகின்றதென்றும் எழுதினார். இதன் உட்பொருள் யாதெனில், கருமை தோலளவில் நின்றுவிடும் நிறமன்று, உடலின் உள்ளுறுப்புவரை ஊடுருவிய தன்மை என்பதாம். அடிமை வாணிகத்துக்கு வேண்டியிருந்த கொள்கையும் இதுவே. 1765இல் லெ கா என்னும் பிரெஞ்சு மருத்துவர் பித்தக் கொள்கையை மறுத்து, தோலின் கரும்பொருள் கணவாயின் மையையும் கண்ணின் உட்படையிலுள்ள கருமையையும் ஒத்தது என்றார். ஒப்புமை பொருத்தமானதே, எனினும், அதனை நிறுவும் கருவியும் இரசாயனமும் அக்காலத்தில் இல்லை.

நிறப்பொருளும் நொதியமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிர்கள் யாவும் கலங்களால் ஆயவை என்னும் கொள்கை வேரூன்றியது. 1837ஆம் ஆண்டில் செருமானிய உடற்கூற்றறிஞர் ஹென்லே மனிதனின் மேற்றோலில் நிறம் பொருந்திய கலங்கள் உள்ளமையை எடுத்துக் காட்டினார். சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பேர்சீலியசு 1840இல் அக்கரும்பொருளுக்கு, கருமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் ‘மெலனின்’ என்னும் பெயரை அமைத்தார். இடமும் பெயரும் கிடைத்தன. ஆக்கும் முறை கிடைக்கவில்லை.

அம்முறையைக் காட்டியது மனிதனுடைய தோல் அன்று, காளான் ஆகும். ஐரோப்பியக் காடுகளில் வளரும் ஒருவகைக் காளான், உடைத்தவுடன் முதலிற் சிவந்து பின்னர்க் கறுக்கும் இயல்புடையது. அரிந்த கத்தரிக்காயும் வாழைக்காயும் காற்றுப்பட்டுக் கறுத்தலைச் சமையலறையில் யாவரும் கண்டிருப்பர். அதுவும் இதற்கு நெருங்கிய நிகழ்ச்சியே. பிரான்சிலே பூர்க்குலோ, பேர்த்திரான் என்னும் இருவரும் 1895, 1896ஆம் ஆண்டுகளில் இக்காளானை ஆராய்ந்து, புரதத்தின் கூறுகளுள் ஒன்றாகிய தைரோசின் என்னும் அமினோவமிலத்தை, காளானிலுள்ள நொதியம் ஒன்று ஒட்சிசனுடன் சேர்த்துக் கரும்பொருளாக்குகின்றது எனக் கண்டனர். அந்நொதியம் தைரோசினேசு எனப் பெயர் பெற்றது. செம்பு என்னும் உலோகம் அதன் செயலுக்கு இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கியது.

இச்செய்தி தோலுக்கும் பொருந்துமா என்பதே அடுத்த வினாவாயிற்று. சுவிற்சர்லாந்திலே பாசல் நகரில் குக்கன்கைம் என்னும் இரசாயன அறிஞர் 1913இல் ஒருவகை அவரையினின்றும் டோப்பா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதே நாட்டுத் தோல் மருத்துவர் புரூணோ புளொக் இதனைப் பயன்படுத்தி, 1917இல் வெளியான தமது புகழ்பெற்ற பரிசோதனையைச் செய்தார். உயிருள்ள தோலினின்றும் மெல்லிய சீவல்களை எடுத்து, டோப்பாக் கரைசலில் ஊற வைத்துப் பின்னர் நுணுக்குக்காட்டியில் நோக்கினார். மேற்றோலின் எல்லாக் கலங்களும் கறுக்கவில்லை. அதன் அடிவரிசையில் ஆங்காங்கே இருந்த, கிளைகள் பரப்பிய சில கலங்களே மைபோற் கறுத்துத் தோன்றின. வெண்புள்ளி நோயால் நிறமிழந்த இடங்களில் அக்கறுப்பு உண்டாகவில்லை. நிறத்தை ஆக்குதல் தோல் முழுவதன் தொழிலன்று, அதற்கென்றே அமைந்த சில கலங்களின் தொழில் என்பது இதனாற் புலனாயிற்று. அக்கலங்களை இக்கட்டுரையில் நிறக்கலம் என வழங்குவோம்.

இங்கிலாந்திலே இறேப்பர் என்னும் பேராசிரியர் 1920களில், மாப்புழுவினின்றும் எடுத்த நொதியத்தைக் கொண்டு, தைரோசின் டோப்பாவாகி, அது செந்நிற இடைப்பொருளாகி, ஈற்றில் மெலனினாக மாறும் படிகளை வகுத்துக் காட்டினார். எனினும், புளொக் ஒரு தடையை விட்டுச் சென்றிருந்தார். மனிதத் தோல் டோப்பாவைக் கறுக்கச் செய்ததேயன்றித் தைரோசினைக் கறுக்கச் செய்யவில்லை. ஆதலின் மனிதனிடத்துள்ள நொதியம் காளானுடையதினும் வேறானது என்பது அவர் துணிபு. அமெரிக்காவில் பிற்ஸ்பற்றிக், லேர்ணர் முதலியோர் 1950இல் இத்தடையை நீக்கினர். அவர்கள் மனிதத் தோலின்மீது முதலில் ஊதாக்கடந்த கதிர்களைப் பாய்ச்சி, அதன்பின் அத்தோலைத் தைரோசினில் இட்டபோது அதுவும் கறுத்தது. காளானும் மாப்புழுவும் மனிதனும் ஒரே வகை நொதியத்தாலேயே கருமையை ஆக்குகின்றனர் என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

இப்பரிசோதனையில் வேறோர் உண்மையும் பொதிந்திருந்தது. கதிர் படுமுன் அந்நொதியம் வெளிப்படவில்லை, பட்டபின் வெளிப்பட்டது. ஆகவே, நிறக்கலம் எக்காலமும் ஒரே அளவாகத் தொழில் செய்யும் கருவியன்று. ஏவற்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் தொழில் செய்வது. ‘நிறம் எதனால் ஆயது’ என்னும் வினா முடிந்து, ‘நிறத்தை ஏவுவது யாது’ என்னும் வினா தொடங்கியது இவ்விடத்திலேயாம்.

எண்ணிக்கையில் வேறுபாடு இன்மை

இவ்வினாவுக்கு விடை காணுமுன் நிறக்கலங்களின் பிறப்பையும் தொகையையும் அறிதல் வேண்டியிருந்தது. அமெரிக்க அறிஞர் டூசேன் 1930களில் நீர்நில வாழ் உயிர்களின் முளையங்களை ஆராய்ந்தும், மேரி இறோல்ஸ் என்னும் அம்மையார் 1947இல் சுண்டெலியின் முளையத்தை ஆராய்ந்தும், நிறக்கலங்கள் தோலிலே தோன்றுவன அல்ல எனக் காட்டினர். முதுகுநாண் உருவாகும் இடத்தருகே நரம்பு முகடு எனப்படும் பகுதியிற் பிறந்து, உடலெங்கும் பெயர்ந்து சென்று, தோலிற் குடியேறுவனவே அவை. கனடாவில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் மசோன் 1948இல், நிறக்கலம் தான் ஆக்கிய நிறத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாது, தன் கிளைகளின் வழியே அயலிலுள்ள மேற்றோற் கலங்களுக்குக் கொடுத்துவிடுகின்றது என விளக்கினார். ஒரு நிறக்கலம் ஏறத்தாழ 36 அயற்கலங்களுக்கு நிறம் வழங்குகின்றது எனப் பின்னர்க் கணிக்கப்பட்டது.

இனி, கரிய மனிதனிடத்து நிறக்கலங்கள் மிகுதி, வெளிய மனிதனிடத்துக் குறைவு என எண்ணுதல் இயல்பே. பலரும் அவ்வாறே எண்ணினர். இலண்டனிற் பணியாற்றிய சாபோ என்னும் அறிஞர் 1954ஆம் ஆண்டில் இவற்றைக் கணக்கிட்டு வெளியிட்டார். தோலின் ஒரு சதுர மில்லிமீற்றரில் நிறக்கலங்கள் ஏறத்தாழ 1,000 முதல் 2,000 வரை உள்ளன. நெற்றியிலும் கன்னத்திலும் அவை மிகுதி. கையிலும் தொடையிலும் குறைவு. ஆனால், உடலின் ஒரே பகுதியை எடுத்து ஒப்பிடுமிடத்து, ஆபிரிக்கர், ஐரோப்பியர், ஆசியர் என்னும் வேறுபாடின்றி எல்லா மக்களிடத்தும் தொகை ஏறத்தாழ ஒன்றே. ஒரே மனிதனின் நெற்றிக்கும் தொடைக்கும் உள்ள வேறுபாடு, இரு கண்டத்து மக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டினும் பெரிது.

போர்டோக் கழகத்தார் அறிவித்த போட்டிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றபின் கிடைத்த விடையின் முற்பகுதி எனலாம் இது. கரியவரிடத்து மட்டும் உள்ள தனிப்பொருள் யாதுமில்லை. கலமும் ஒன்று, நொதியமும் ஒன்று, தொகையும் ஒன்று. அவ்வாறாயின் வேறுபாடு எங்கே?

இலத்திரன் நுணுக்குக்காட்டி இதற்கு வழி திறந்தது. 1961இல் யப்பானிய அறிஞர் சீஜியும் பிற்ஸ்பற்றிக், பேர்பெக் என்போரும், நிறக்கலத்தினுள் மெலனின் ஆக்கப்படும் இடம் மெலனோசோம் எனப்படும் நுண்ணிய மணி என நிறுவினர். முதலில் நிறமற்ற புரத இழைகளாக அமைந்து, பின்னர்ப் படிப்படியாக மெலனின் படியப்பெற்று, முற்றிய நிலையிற் கருமணியாகி இது அயற்கலங்களை அடைகின்றது. கரிய தோலில் இம்மணிகள் பெரியனவாய்த் தனித்தனியே சிதறி நிற்கின்றன. வெளிய தோலில் சிறியனவாய்ப் பல ஒருங்கே ஓர் உறையுள் அடங்கிக் கிடந்து விரைவிற் சிதைகின்றன என 1969இல் அறியப்பட்டது. மேலும், வெளிய தோலின் நிறக்கலங்களிலும் தைரோசினேசு போதிய அளவு இருப்பினும், மணிகளின் உட்புறம் அமிலத்தன்மை மிகுந்திருத்தலால் அது தொழில் செய்யாது கிடக்கின்றது எனவும், அவ்வமிலத்தன்மையைத் தணித்தால் நொதியம் விழித்தெழுந்து தொழில் செய்கின்றது எனவும் 2001இல் ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களைக் கொண்டு காட்டப்பட்டது. அடுப்பும் விறகும் உண்டு, மூட்டுதலிலேயே வேறுபாடு.

ஏவுவோர் யாவர்

நிறக்கலத்துக்குப் புறத்தேயிருந்து ஏவல் வருகின்றது என்பதற்கு முதற் சான்று ஒரு நோயினின்றும் கிடைத்தது. இலண்டனிலே மருத்துவர் தோமசு அடிசன், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்த அதிரீனற் சுரப்பிகள் பழுதுற்றவர்களிடத்து, சோர்வும் மெலிவும் உண்டாவதோடு தோலும் கறுத்துப்போகும் என 1855இல் எழுதினார். சுரப்பி கெடுவதற்கும் தோல் கறுப்பதற்கும் யாது தொடர்பு என்பது ஒரு நூற்றாண்டு காலம் விளங்காத புதிராக நின்றது.

அப்புதிரை அவிழ்க்கத் தொடங்கியவை தவளைகள். 1916இல் அமெரிக்காவில் சிமித்து, அலன் என்னும் இருவர் தனித்தனியே, வாற்பேய்களின் கபச்சுரப்பியை நீக்கிவிட்டபோது அவை வெள்ளிபோல் வெளிறின. 1920களில் இங்கிலாந்தில் ஹொக்பன், அச்சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி வெளிறிய தவளைகளைக் கறுக்கச் செய்தார். தவளையின் கறுப்பு, கலத்தினுள் நிறமணிகள் பரவுதலாலும் ஒடுங்குதலாலும் விரைவில் வந்து மறைவது. மனிதனுடைய கறுப்போ புதிய நிறம் ஆக்கப்படுதலால் நாட்கணக்கில் வருவது. எனினும், இரண்டையும் ஏவும் பொருள் ஒன்றேயாதல் கூடும் என லேர்ணர் கருதினார். அவரும் அவருடன் உழைத்தோரும் 1950களில் பன்றியின் கபச்சுரப்பியினின்றும் அவ்வோமோனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். 13 அமினோவமிலங்கள் கோத்த சிறு தொடர் அது. 1961இல் அதனை மனிதர்க்கு ஊசிவழிச் செலுத்தியபோது தோல் கறுத்தது.

அடிசனுடைய புதிரும் இதனால் அவிழ்ந்தது. அதிரீனற் சுரப்பியை ஏவுவதற்குக் கபச்சுரப்பி சுரக்கும் வேறோர் ஓமோனின் முதற் பதின்மூன்று அமினோவமிலங்கள், நிறக்கலத்தை ஏவும் ஓமோனின் தொடரேயாம். இரண்டும் ஒரே பெரும் புரதத்தினின்றும் அறுத்தெடுக்கப்படுவன என்பது 1979இல் யப்பானிய அறிஞரின் ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது. அதிரீனற் சுரப்பி கெட்டு விடை தாராதபோது, கபச்சுரப்பி மேன்மேலும் ஏவலை விடுக்கின்றது. அவ்வேவல் நிறக்கலத்தின் செவியிலும் விழுகின்றது. அதனாலேயே தோல் கறுக்கின்றது.

அச்செவி யாது என்பது 1992இல் அறியப்பட்டது. நிறக்கலத்தின் மென்சவ்வில் நிற்கும் எம்.சி.1ஆர். என்னும் வாங்கிப் புரதமே அது. ஓமோன் அதனைப் பற்றியவுடன் கலத்தினுள் சக்கர ஏ.எம்.பி. என்னும் சிறு தூதுப்பொருள் பெருகும். அத்தூது கருவை அடைந்து எம்.ஐ.ரி.எவ். என்னும் புரதத்தின் ஆக்கத்தை உயர்த்தும். அப்புரதமே தைரோசினேசு முதலிய நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகளைத் தூண்டுவது. இவ்வாங்கி நன்கு தொழிற்படின் கரிய மெலனின் உண்டாகும். தளர்ந்ததாயின் செம்மஞ்சள் நிறமான வேறு வகை மெலனின் மிகும். செந்நிற மயிரும் வெயிலிற் கறுக்காது வெந்து சிவக்கும் தோலும் உடைய ஐரோப்பியர் பலர் இவ்வாங்கியில் மாற்றம் உடையோர் என 1995இல் வெளியாயிற்று.

வெயில் எவ்வாறு இவ்வேவலைத் தொடக்குகின்றது என்னும் வினா மட்டும் எஞ்சியது. 2007இல் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. ஊதாக்கடந்த கதிர்கள் அயலிலுள்ள மேற்றோற் கலங்களின் டீ.என்.ஏ.யைப் பழுதாக்குகின்றன. அப்பழுதை உணரும் பி53 என்னும் காவற்புரதம், மேற்கூறிய ஓமோனை அக்கலங்களே ஆக்குமாறு தூண்டுகின்றது. அதனைப் பெற்ற நிறக்கலம் மெலனினை மிகுதியாக ஆக்கி அனுப்புகின்றது. வந்த மணிகள் மேற்றோற் கலத்தின் கருவுக்கு மேலே குடைபோற் கவிந்து நின்று அதனைக் காக்கின்றன. ஆகவே, வெயிலிற் கறுத்தல் என்பது துன்புற்ற கலம் துணை வேண்ட அயற்கலம் அளிக்கும் காப்பேயாகும். பண்டைக் கிரேக்கர் சூரியனைக் காரணம் எனக் கூறியதில் ஒரு பாதி உண்மை. ஆனால், சூரியன் எரித்ததாற் கருமை வந்ததன்று, எரியாது காத்தற்கே கருமை வந்தது.

பரம்பரையின் சாட்சி

ஒருவர் வாழ்நாளில் நிறம் கூடுவதும் குறைவதும் இவ்வாறாக, மக்களுக்கிடையே நிலையாகக் காணப்படும் வேறுபாட்டின் வரலாறு பரம்பரையலகுகளில் எழுதப்பட்டுள்ளது. அதனை வாசிக்க உதவியது கங்கைச் சமவெளி முதலிய தென்னாசிய நீர்நிலைகளுக்குரிய வரிமீன் ஆகும். 2005இல் அமெரிக்காவில் வெளிறிய நிறமுடைய ஒருவகை வரிமீனை ஆராய்ந்தோர், அதன் வெளிறலுக்கு எஸ்.எல்.சி.24ஏ5 என்னும் பரம்பரையலகின் பழுதே காரணம் எனக் கண்டனர். மனிதனிடத்துள்ள அதே அலகின் செய்தியை அம்மீனின் முளையத்துட் செலுத்த, மீன் தன் நிறத்தை மீளப் பெற்றது. ஐரோப்பியரிடத்து இவ்வலகு ஆக்கும் புரதத்தின் 111ஆம் இடத்தில் ஓர் அமினோவமிலம் மாறியுள்ளது. அவர்க்கும் ஆபிரிக்கர்க்கும் உள்ள நிறவேறுபாட்டில் ஏறத்தாழ 25 முதல் 38 வீதம் வரை அம்மாற்றத்தாலேயே விளைவது என அவ்வாய்வாளர் கணித்தனர்.

இலங்கையர் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று இதன்பாற் பட்டது. 2007இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இம்மாற்றம் இலங்கையின் சிங்களவரிடத்தும் தமிழரிடத்தும் பரவலாகக் காணப்படுவதனைக் காட்டிற்று. தென்னாசியரிடத்தும் ஐரோப்பியரிடத்தும் காணப்படும் இம்மாற்றம் ஒரே மூதாதையினின்றும் வந்தது என 2013இல் நிறுவப்பட்டது. மேலும், 2017இல் ஆபிரிக்க மக்களை ஆராய்ந்தோர், கருமைக்குரிய மாற்றங்களும் வெண்மைக்குரிய மாற்றங்களும் ஆபிரிக்காவிலேயே, அவற்றுட் பல இன்றைய மனித இனம் தோன்றுமுன்னரே, நிலவின எனக் கண்டனர். ஒரு வீட்டிலே உடன்பிறந்தார் இருவர் வேறு வேறு நிறத்தினராய்ப் பிறத்தல் இந்நாட்டில் யாவரும் அறிந்தது. நிறத்தைக் கொண்டு ஒரு மனிதனின் மூலத்தைத் துணிதல் இயலாது என்பதற்கு அவ்வீடே சாட்சி. பரம்பரையியல் அச்சாட்சியை உறுதிப்படுத்துகின்றது.

நிறம் இழந்தோர்

நிறக்கலத்தின் ஆட்சி அறியப்படாமையாற் பெருந்துன்பம் அடைந்தோர் தோலில் வெண்புள்ளி உற்றோர் ஆவர். உலக மக்களுள் நூற்றுக்கு அரை முதல் இரண்டு வீதத்தினர் இந்நோயுடையோர் என்பர். உடலின் காவற்கலங்களே தம்மவற்றை அயலவை என மயங்கி நிறக்கலங்களை அழித்தலால் இது வருகின்றது. இது தொற்றுநோயன்று, உணர்ச்சியைக் கெடுப்பதன்று, உறுப்பைச் சிதைப்பதன்று. எனினும், தமிழில் இதற்கு வெண்குட்டம் என்னும் பெயர் வழங்கியமையால், குட்டம் என்னும் சொல்லுக்குரிய அச்சம் முழுவதும் இதன்மேற் சார்ந்தது. கிருமியால் வரும் தொழுநோய் வேறு, நிறக்கலம் அழிதலால் வரும் இந்நோய் வேறு. ஒரு சொல்லின் பிழையாற் பந்தியில் இடமும் மணப்பந்தலில் இடமும் இழந்தோர் பலர். வெண்புள்ளி என்னும் பெயரே இதற்குப் பொருத்தமானது.

இந்நோய்க்குக் கார்போகரிசியைப் பூசி வெயில் காயச் செய்யும் மருத்துவம் இந்திய மருத்துவ மரபிற் பழமையானது. அவ்வித்தில் உள்ள சோராலன் வகைப் பொருள்கள் ஊதாக்கடந்த கதிர்களுக்குத் தோலை ஏதுவாக்குவன. அவ்வகைப் பொருளையே நைல் ஆற்றங்கரைச் செடியொன்றினின்றும் பெற்று, எகிப்திய மருத்துவர் எல் மொவ்ற்றி 1940களில் வெண்புள்ளிக்குப் பயன்படுத்தினார். அம்மருத்துவத்தில் நிறம் மீளும்போது மயிர்த்துளைகளைச் சுற்றிச் சிறு புள்ளிகளாகத் தொடங்கிப் பின்னர்ப் பரவுதல் கண்கூடு. மயிர்வேர்ப் பகுதியில் நிறக்கலங்களின் மூலக்கலங்கள் காக்கப்பட்டிருத்தலே அதற்குக் காரணம். காவற்கலங்களின் தவறான ஏவலைத் தடுக்கும் றுக்சொலிற்றினிப் என்னும் பூச்சுமருந்து அமெரிக்காவில் 2022இல் இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்றது.

இதற்கு மறுதலையாக, உள்ள நிறத்தை வலிந்து போக்குவாரும் உளர். 1939இல் அமெரிக்கத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றிலே தொழிலாளர் கைகள் வெளிறியமையை மருத்துவர் ஆராய்ந்தபோது, அவர்கள் அணிந்த இறப்பர்க் கையுறையில் சேர்க்கப்பட்ட ஐதரோகுவினோன் வழிவந்த பொருளே காரணம் எனக் கண்டனர். தொழிலாளர்க்குக் கேடாக வந்தது பின்னர் ஐதரோகுவினோன் வெண்மைப் பூச்சுகளாகக் கடைக்கு வந்தது. இரசம் கலந்த பூச்சுகள் இதனினும் கொடியன. தைரோசினேசு செம்பின் துணையால் தொழில் செய்வது என மேலே கூறப்பட்டது. இரசம் அத்தொழிலைத் தடுத்து நிறத்தைக் குறைக்கும். ஆயின், அது தோலளவில் நில்லாது குருதியிற் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் நிறைவேறிய மினமாத்தா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இரசம் சேர்ந்த ஒப்பனைப் பொருள்களை நிறுத்துமாறு நாடுகளைப் பணித்தது. மேற்றோற் கலத்தின் கருவுக்குக் குடையாகக் கவிந்த மணிகளை, அழகின் பேரால் நஞ்சிட்டு நீக்குதல் அறியாமையின் பாற்பட்டதேயாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். கருமை என்பது சிலரிடத்து உள்ளதும் பிறரிடத்து இல்லாததுமாகிய ஒரு பொருள் என்று கொண்டவரை, ஆராய்ச்சி பித்தநீரிலும் சாபத்திலும் சென்று தடுமாறிற்று. அது எல்லாரிடத்தும் உள்ள ஒரு கலத்தின் தொழில், ஏவலுக்கேற்பக் கூடியும் குறைந்தும் நிகழ்வது என்று கண்டபின், காளானும் தவளையும் வரிமீனும் அதற்குச் சான்று பகர்ந்தன. போர்டோக் கழகத்தார் கேட்ட வினா, கரியவர் ஏன் கரியர் என்பது. முந்நூறு ஆண்டு ஆராய்ச்சி அவ்வினாவைத் திருத்தி, எல்லாரிடத்தும் ஒன்றாயுள்ள கலம் ஏன் வேறு வேறு அளவில் தொழில் செய்கின்றது என ஆக்கிற்று. வினா திருந்தியவுடன் விடையும் திருந்தியது. நிறம் நோக்கி உயர்வு தாழ்வு கற்பிப்போர், திருத்தப்பட்ட வினாவை அறியாது பழைய வினாவிலேயே நிற்பவராவர்.